நெற்றிப்பட்டையில் ஒரு கறை

அந்தக் குதிரை ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆனால் அதன் முதுகிலிருந்த சேணம், பல வருடம் வெயிலிலும் மழையிலும் உழைத்து ஓய்ந்ததுபோல் இருந்தது. உட்காரும் இடம் குழிந்திருந்தது. கால் உரசும் இடம் கறுத்துப் பளபளத்தது. நெல்மணி அளவு கொக்கியில் துரு ஏறியிருந்தது.

மௌனிகா லென்ஸை நகர்த்தி, பக்கத்திலிருந்த இரண்டாவது சேணத்தைப் பார்த்தாள். இணையத்தில் தேடி அவள் வாங்கியது; காலையில்தான் கூரியரில் வந்தது.

வாளையாறு நெடுஞ்சாலையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழே சோதனைச் சாவடிக்காக நின்ற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேசைக்கு எதிரே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் ஆறுமுகசாமி. வடகரப்பதியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். காணாமல்போன மகனைத் தேடித்தரச் சொல்லிப் போன வாரம் வந்தவர்.

"புதுசா வந்ததையும் பாத்துச் சொல்லுங்க. இது உங்க மகன் செஞ்சதுங்களா?"

ஆறுமுகசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சேணத்தின் பின்விளிம்பில் நீல நூலால் ஒரு சின்னத் தையல் இருந்தது. அவர் விரல் அதன்மேல் போய் நின்றது.

"அச்சு அசலா எங்க குதிரை செவலையோட சேணமுங்க இது. அந்த எடத்துல கிழிஞ்சுபோயி, நீல நூல் போட்டு அவந்தான் தெச்சான். வேற யாருக்குங்க இது தெரியும்?"

மகன் நவீன்குமார் கல்லூரியில் படிக்கும்போதே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டவன். வெளிநாடுகளில் பொம்மைக் குதிரைகளைச் சேர்த்து வைப்பவர்களுக்குச் சேணம், கடிவாளம், கால் வைக்கும் அங்கவடி எல்லாம் பொடிப்பொடியாகச் செய்து அனுப்புவான். புதுசாக மின்னினால் அவர்கள் வாங்க மாட்டார்கள். நிஜக்குதிரை போட்டுப் பழகியதுபோலத் தேய்ந்தும் கறைபட்டும் இருக்க வேண்டும்.

"பழசா, தேஞ்சு, துருப்புடிச்சு இருந்தாத்தான் மதிப்புங்களா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டார் தனபால். மௌனிகாவின் உதவியாளர். ஐம்பது வயது, முன்னாள் லாரி டிரைவர். "அப்படின்னா என்னையும் ஒரு பார்சல் போட்டு அனுப்புங்க அம்மணி. எல்லாத் தகுதியும் இருக்குது."

ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. தனபால் அசடு வழிந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"என்ன நடந்துதுன்னு போன தடவை பாதிதான் சொன்னீங்க," என்றாள் மௌனிகா.

அவர் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எம்பொண்ணு யோகப்பிரியா. செவலைன்னா அவளுக்கு உசுரு. தோப்பைச் சுத்தி ஓட்டுவா. அன்னைக்கும் அண்ணங்காரந்தான் சேணம் கட்டி விட்டான். வாய்க்கால் தாண்டறப்ப சேணத்தை இறுக்கற வயித்துவாரு அந்துபோச்சுங்க. சேணத்தோட புள்ளையும் சரிஞ்சு, வாய்க்கால் கல்லுல தலை பட்டு..." அவர் டம்ளரை மேசையில் வைத்தார். "சுடுகாட்டுல, அத்தனை சனத்துக்கு முன்னால, இனி எங் கண்ணுலயே படாதடான்னு சொல்லிட்டனுங்க. அவன் ஒரு வார்த்தை பேசலை. அன்னைக்குச் சாயங்காலம் போனவந்தான். நாலு வருசமாச்சு."

"வாரு பழசா இருந்துதுங்களா?"

"தோலுதானுங்களே அம்மணி. எப்பவாச்சும் அந்துபோகும். அது அன்னைக்குத் தெரியலைங்க."

அவரைப் படியிறக்கி விட்டுவிட்டு வந்த தனபால், மௌனிகா இரண்டு கடிவாளங்களையும் வெள்ளைத் தாளில் அடுத்தடுத்து வைத்திருப்பதைக் கண்டார்.

"பார்சல்ல தேவிகுளம்னு இருக்குது. பையன் அங்கதான். கேசு முடிஞ்சுதுங்க."

"இல்லீங்கண்ணா," என்றாள் மௌனிகா. "இப்பத்தான் கேசு ஆரம்பிக்குது. வண்டியை எடுங்க."

*

உடுமலை தாண்டி, சின்னாறு காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறியது ஜீப்.

"தனபாலண்ணா, உங்க செருப்பு எங்க தேஞ்சிருக்கும்?"

"வலது செருப்புல முன்பக்கமுங்க. பிரேக்கு மிதிச்சு மிதிச்சு."

"அதைப் பாத்தா நீங்க டிரைவர்னு சொல்லிறலாம். இதுவும் அப்படித்தான்." மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். "குதிரைக்குக் கடிவாளம் மாட்டினா வேர்வை எங்க ஊறும்? காதுக்குப் பின்னால. நவீன்குமார் ஊட்டுல விட்டுட்டுப் போன பழைய கடிவாளத்துல அங்கதான் கறுப்பா இருக்குது. புதுசுல அங்க வெளுப்பு. நெத்திப்பட்டைக்கு நட்டநடுவுல ஒரு பெரிய கறை."

"குதிரைக்குத் தலைவலியா இருக்குமுங்க. தைலம் தேச்சிருக்கும்."

மௌனிகா சிரித்துவிட்டாள். உடனே முகம் மாறியது. "குதிரையோட வளந்தவன் அந்த எடத்துல கறை வெக்கமாட்டான். சாயத்தை மோந்து பாருங்க. டீத்தூள் டிக்காஷன்."

மறையூர் தாண்டியதும் மலை முழுக்கத் தேயிலை. ஒரு வளைவில், கொழுந்து மூட்டைகளை முதுகில் சுமந்தபடி பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மூட்டையைத் தாங்கிய வார் அவர்கள் நெற்றியில் அழுந்தியிருந்தது. கடைசியாக வந்தவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாரைக் கழற்றி உதறினாள். வாரின் நடுப்பகுதி வேர்வையில் ஊறிக் கறுத்துக் கிடந்தது.

தனபால் ஜீப்பை ஓரங்கட்டினார். "அம்மணி... அதே கறைங்க."

"சாயம் போட்டது கொழுந்து எடுக்கற பொம்பளை. அவங்களுக்குத் தெரிஞ்ச வேர்வை அதுதான்."

"அப்ப நவீன்குமாரு?"

மௌனிகா டப்பாவை மூடினாள்.

*

தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு போட்டோஸ்டாட் கடை. கூரியரும் அங்கேதான் வாங்குகிறார்கள். கடைக்கார அம்மாள் அன்னமேரி, பார்சல் உறையைப் பார்த்ததும் தலையாட்டி, மலையாளம் கலந்த தமிழில் பேசினாள்.

"இது நம்மட செல்வலட்சுமியாணு. எஸ்டேட்டு லயத்துல தாமசம், குடித்தனம் அங்கதான்."

"லயமுன்னா?" என்று கேட்டாள் மௌனிகா.

"தொழிலாளிகள் இருக்குற லைன் வீடு."

"குதிரைச் சாமான் செய்யறவங்க லாயத்துல இருக்கறது நியாயந்தான்," என்றார் தனபால்.

"லாயமில்ல, லயம்!" என்று திருத்திய அன்னமேரி, குரலைத் தாழ்த்தினாள். "முந்தி பார்சல் கொண்டு தர்றது ஒரு பையனாணு. நல்ல பையன். எப்பவும் சிரிச்சிட்டே வரும். எத்தனையோ மாசமா அவனைக் காணல. இவ மட்டும் வரும், போகும். கேட்டா ஒண்ணும் பறைய மாட்டா."

தனபாலின் முகத்தில் விளையாட்டு போயிருந்தது. எஸ்டேட் பாதையில் ஜீப் குலுங்கி இறங்கும்போது மெல்லக் கேட்டார். "அம்மணி, அந்தப் பெரியவருகிட்ட என்னன்னு போயிச் சொல்றதுங்க?"

*

லயத்தின் கடைசி வீடு. கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நெற்றியின் குறுக்கே வார் அழுந்திய தடம் இன்னும் மறையவில்லை.

"செல்வலட்சுமிங்களா? வடகரப்பதியிலிருந்து வர்றோம்."

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவள் கை கதவை இறுகப் பிடித்தது. "அவுக இங்க இல்ல. எங்கயோ போயிட்டாக. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"யாரைத் தேடி வந்தோம்னு நாங்க இன்னும் சொல்லவே இல்லைங்களே," என்றாள் மௌனிகா.

செல்வலட்சுமி உதட்டைக் கடித்தாள். பிறகு வழிவிட்டாள். "நான்தான் எல்லாம் செய்யறேன். அவுக சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாக. வேணுமின்னா பாருங்க."

ஜன்னலோரம் ஒரு பலகை. அதில் டீ டிக்காஷன் கிண்ணங்கள், தூரிகைகள், காயவைத்த குட்டிக் கடிவாளங்கள். நல்ல வெளிச்சம். அறையின் மறுகோடியில், சுவர் மூலையில் இன்னொரு பலகை. அதில்தான் ஊசி, கத்தி, உப்புத்தாள், பாதி முடிந்த சேணம். அந்த மூலைக்கு வெளிச்சமே எட்டவில்லை. மேலே தொங்கிய ஹோல்டரில் பல்பு இல்லை.

மௌனிகா அந்த மூலையில் குனிந்து கருவிகளைத் தடவினாள். ஒவ்வொரு கைப்பிடியிலும் வேறுவேறு விதமாக நூல் சுற்றியிருந்தது. பாதிச் சேணத்தை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் வருடினாள். குழிவு சரியான இடத்தில் இருந்தது. கால் உரசும் இடத்தில் தோல் மெலிந்திருந்தது. கொக்கி அழுத்திய பள்ளம்கூட இருந்தது.

அவள் கண்ணைத் திறந்து, தனபாலை ஜன்னலோரம் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணா, கைக்குத் தெரியறது எல்லாமே சரியா இருக்குது. கண்ணுக்குத் தெரியற கறையும் நிறமும் மட்டுந்தான் தப்பு. இவ்வளவு பொடி வேலை செய்யறவங்க ஜன்னலை விட்டுட்டு எதுக்கு இருட்டு மூலையில உக்காரணும்?"

தனபால் அந்த இருட்டு மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

செல்வலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"விடு செல்வி. கண்டுபுடிச்சுட்டாங்க."

சுவரைத் தொட்டபடி நவீன்குமார் வெளியே வந்தான். கண்களைச் சுற்றிலும் தோல் சுருங்கி வெந்திருந்தது. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்ப முயன்று, கொஞ்சம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து நின்றான்.

"அங்கவடிக்குத் துரு ஏத்தறதுக்கு பேட்டரி ஆசிட் வெச்சிருந்தனுங்க," என்றான். "பாட்டிலு கைதவறிப் போச்சு. அவ்வளவுதான்."

"குடத்துத் தண்ணிய எல்லாம் ஊத்திப் பார்த்தேன்க்கா," என்றாள் செல்வலட்சுமி. "அப்ப கலியாணமாகி ஒரு பொங்கல்கூட வரல."

"அப்பா அனுப்பிச்சாருங்களா?" என்று கேட்டான் நவீன்குமார்.

"ஆமாங்க."

"எங் கண்ணுல படாதன்னாரு. படாமத்தான் இருந்தேன். இப்ப அவரே எங் கண்ணுல பட முடியாமப் போச்சு." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். கை தானாகப் பக்கத்திலிருந்த குட்டிச் சேணத்தைத் தேடி எடுத்தது. "வாங்கறவங்க எத்தனையோ விதமாக் கேக்கறாங்க. நான் திரும்பத் திரும்ப செவலையோட சேணத்தைத்தான் செய்யறனுங்க. ஒவ்வொரு தடவையும் வயித்துவாரை மட்டும் இழுத்து இழுத்துப் பாக்கறேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட அந்துபோகலைங்க."

தனபால் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீக?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

மௌனிகா தயங்கினாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "நெத்திப்பட்டையில கறை இருந்துது. குதிரைக்கு அங்க அவ்வளவு வேர்க்காது."

செல்வலட்சுமியின் முகம் வாடியது. "நான் தப்பாப் போட்டுட்டேனா? அவுக எல்லாம் ஒழுங்காத்தான செஞ்சு குடுத்தாக. நான் கெடுத்துட்டேனா?"

"நெத்தியிலயா வெச்ச?" நவீன்குமாரின் உதட்டில் சிரிப்பு வந்தது. கையை நீட்டி அவள் முகத்தைத் தேடினான். அவன் விரல், அவள் நெற்றித் தடத்தின்மேல் நின்றது. "நல்லாத்தான் இருக்குது செல்வி. யாரும் கொறை சொல்லலையே."

அவள் சிரித்தாள். கண்ணீர் அவன் மணிக்கட்டில் சொட்டியது.

"வர்றீங்களா ஊருக்கு?" என்று கேட்டாள் மௌனிகா. "அப்பா சொன்ன வார்த்தையை அவரே சுமந்துட்டு இருக்காருங்க. வாரு எப்பவாச்சும் அந்துபோகுந்தான்னு அவர் வாயாலயே சொன்னாரு."

நவீன்குமார் குட்டிச் சேணத்தைத் தரையில் வைத்தான். பிறகு நிமிர்ந்தான்.

"வர்றனுங்க. ஆனா கண்ணு போனதைச் சொல்லாதீங்க. முதல்ல அவர் எங்கூடப் பேசட்டும். பாவம்னு பேசக்கூடாது, மகன்னு பேசோணும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

"ஊட்டுக்குள்ள எப்படிப் போவீங்க?"

"எங்க ஊடுதானுங்களே. கேட்டுல எறங்கினா நேரா நடை. லாயத்துச் சுவரு வலது கைக்கு வரும். அதைப் புடிச்சுட்டே போயி, அது முடியற எடத்துல திரும்பினா ஊட்டு முன்கூடம், ஆசாரம். ராத்திரி கரண்ட் இல்லாதப்ப எத்தனை தடவை போயிருக்கேன். யாரும் கையப் புடிக்க வேண்டாம்."

*

மறுநாள் மத்தியானம் வடகரப்பதி. ஜீப் தோப்புக்கு வெளியே நின்றது. நவீன்குமார் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்வலட்சுமி நீவிக் கொடுத்த சட்டையில் இறங்கினான். கேட்டைத் தொட்டுப் பார்த்தான். மூச்சை இழுத்துவிட்டு நடக்கத் தொடங்கினான். முதுகு நிமிர்ந்திருந்தது. நடையில் தடுமாற்றமே இல்லை.

வீட்டு வாசலில் ஆறுமுகசாமி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி நாச்சம்மாள், கையிலிருந்த முறத்தோடு அப்படியே நின்றாள்.

கேட்டருகே செல்வலட்சுமியோடு நின்ற மௌனிகாவின் காதோரம் தனபால் முணுமுணுத்தார். "அம்மணி, அங்க சுவரே இல்லைங்களே."

மௌனிகாவும் அப்போதுதான் பார்த்தாள். கேட்டிலிருந்து வீடு வரை வெறும் வெட்டவெளி. லாயம் இருந்ததற்கு அடையாளமாகத் தரையில் நிறம் மாறிய ஒரு நீள்சதுரம் மட்டுமே இருந்தது. ஆறுமுகசாமியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

நவீன்குமார் வலது கையை இயல்பாக நீட்டினான். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் இரண்டடி வைத்தான். கையை மேலும் நீட்டினான். காற்றுதான் இருந்தது. நின்றான். விரல்கள் மேலும் கீழும் தேடின. ஒரு பக்கமாகத் திரும்பினான், பிறகு மறுபக்கம். கடைசியில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவாசலில் கையை நீட்டியபடி நின்றான்.

செல்வலட்சுமி ஓடப் பார்த்தாள். மௌனிகா அவள் தோளைப் பிடித்தாள். ஏனென்றால் ஆறுமுகசாமி படியிறங்கிவிட்டிருந்தார்.

அவர் செருப்பில்லாமல், சத்தமில்லாமல் வந்தார். மகனைச் சுற்றிவந்து, பழைய லாயத்துச் சுவர் இருந்த இடத்தில் தானே போய் நின்றார். தேடிக்கொண்டிருந்த கை அவர் மார்பில் பட்டது.

நவீன்குமாரின் விரல்கள் சட்டையை, தோளை, நரைத்த தாடியைத் தொட்டன.

"அப்பா... இங்க லாயம் இருந்துதே?"

"இடிச்சுப் போட்டனப்பா." ஆறுமுகசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தெனமும் எந்திரிச்சா அதைத்தான் பாக்கோணும். என்னால முடியல. நீ வருவேன்னு தெரிஞ்சிருந்தா விட்டு வெச்சிருப்பேன் சாமி."

அவர் மகனின் கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார். பார்த்தார். திருப்பி மாட்டிவிடப் போனவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். நாச்சம்மாளின் முறம் விழுந்த சத்தம் கேட்டது. "ஏஞ்சாமி, கண்ணுக்கு என்னாச்சு?" என்று கூவிக்கொண்டே அவள் ஓடிவந்தாள்.

"நான் செத்திருக்கோணும்," என்றார் ஆறுமுகசாமி.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. ஒருத்தி போனது போதும்."

நாச்சம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டருகே ஒதுங்கி நின்ற பெண்ணைக் கவனித்தாள்.

"நீ யாரு கண்ணு?"

"அவுகளக் கட்டிக்கிட்டவ," என்றாள் செல்வலட்சுமி, தலை குனிந்தபடி.

நாச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தாள். "இத்தனை நாளும் நீதான் பாத்துக்கிட்டயா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

மௌனிகாவும் தனபாலும் வாசல்படியோடு நின்றுகொண்டார்கள்.

ஆசாரத்தில் நவீன்குமார் தயங்கி நின்றான். வீட்டின் வாசனையை ஒருமுறை உள்ளிழுத்தான்.

"யோகுவோட போட்டோவை எங்கம்மா மாட்டியிருக்கீங்க?"

எதிர்ச்சுவரில், காய்ந்த மல்லிகைச் சரத்துக்குள் யோகப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகசாமி பின்னால் வந்து மகனின் இரண்டு தோள்களையும் பிடித்தார். மெதுவாகத் திருப்பினார்.

"இன்னுங் கொஞ்சம் எடது பக்கம்... இன்னுங் கொஞ்சம்... இதா, நில்லு. இப்ப நீ அவளுக்கு நேராத்தான் நிக்கற."

நவீன்குமார் கைகூப்பினான். உதடுகள் அசைந்தன, என்ன சொன்னான் என்பது யாருக்கும் கேட்கவில்லை. மகனின் தோள்கள் குலுங்கத் தொடங்கியபோதும் ஆறுமுகசாமி பிடியைத் தளர்த்தவில்லை.